மாடியிலிருந்து தொங்கிய ஜிப்

— என்ன சார், இன்னைக்கே வந்துட்டீங்க?

— வராம என்னம்மா பண்றது? மொட்டை மாடியிலேர்ந்து கேட் வரைக்கும் இத்தாம்பெரிய துணி ஜிப்பைத் தொங்கவிட்டா நகராட்சிக்குப் புகார் வராம பூமாலையா வரும்?

— புகாரா? இன்னைக்கா?

— காலையில ஆபீசைத் திறந்ததும் வந்தது. ஏன் இப்படித் திருதிருன்னு முழிக்கிறீங்க?

— தொங்கவிட்டதே நேத்து சாயங்காலம்தான் சார். அதுக்குள்ள யார் கண்ணை உறுத்துச்சுன்னு பார்க்கிறேன்.

— அதை மட்டும் கேட்காதீங்க. புகார் கொடுத்தவர் பேரை வெளியில விடக்கூடாது. சட்டம் அப்படி. ஏறி நின்னு அளக்க ஏதாவது கொடுங்க.

— இந்த முக்காலியில ஏறுங்க. பார்த்து, ஒரு கால் ஆடும். ஏன் சார், அவ்வளவு பெரிய ஆபீசு, எப்பவும் நீங்கதான் வர்றீங்க. வேற ஆளே இல்லையா?

— போர்டுப் பிரிவுன்னா நான் ஒருத்தன்தாம்மா. போன் அடிச்சா எடுக்கறதும் நான், வந்து அளக்கறதும் நான், நோட்டீஸ் ஒட்டறதும் நான். பசை காய்ச்சறது கூட நான்தான். டேப் அந்தப் பையில இருக்கு, எடுங்க. மெதுவா, ஊக்கு குத்திடப் போகுது.

— ஐயோ, என்ன சார் இது. ஜிப் பல்லை இளிச்சுக்கிட்டு இருக்கு, நீங்க ஊக்கைக் குத்தி ஒப்பேத்திக்கிட்டு இருக்கீங்க. மூணாவது புகாருக்கு என் வாசலுக்கு வர்றீங்க. ஜிப் தைக்கிறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

— டூட்டிக்கு வந்த இடத்துல சொந்த வேலை பார்க்கக்கூடாது.

— இதுவும் சட்டமா?

— இது நானா வெச்சுக்கிட்டது.

— நல்லா வெச்சுக்கிட்டீங்க. இந்தாங்க டேப்பு. பையை நான் எடுத்துக்கறேன். துணி நல்லாத்தான் இருக்கு, இழுக்கற ரன்னர்தான் தேய்ஞ்சு போச்சு. நீங்க அங்க அளங்க, நான் இங்க மாத்திடறேன். காசு கறாரா வாங்கிக்குவேன், மூஞ்சியைத் தூக்காதீங்க.

— ஏம்மா, நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? இது வீடுங்க இருக்கற தெரு. வாசல்ல பேரும் கதவு எண்ணும் மட்டும் போடலாம். தொழிலைப் போடக்கூடாது. மொத தடவை என்னடான்னா கேட்டையே மறைக்கிற மாதிரி ஒரு போர்டு.

— கழட்டிட்டேன்ல.

— கழட்டினீங்க. அப்புறம் என்ன மாட்டினீங்க?

— எச்சரிக்கைப் பலகை. அதுக்கு அனுமதி வாங்க வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க.

— நாய் கடிக்கும், கரண்ட் அடிக்கும்னு போடறதும்மா அது. நீங்க என்ன போட்டீங்க? "எச்சரிக்கை, உள்ளே ஜிப் தைக்கப்படுகிறது."

— ஊசி இருக்குல்ல சார். குத்தினா வலிக்கும்.

— எங்க மேலதிகாரி அந்தப் போட்டோவைப் பார்த்துச் சிரிச்ச சிரிப்புல, குடிச்சுக்கிட்டிருந்த டீ மூக்குல ஏறிடுச்சு.

— அதையும் கழட்டிட்டேனே. கெடு முடியறதுக்குள்ள கழட்டியாச்சு, கேஸும் முடிஞ்சாச்சு. உங்க நோட்டீஸைத்தான் நேத்து வந்து நீங்களே உரிச்சுட்டுப் போனீங்க.

— கேஸ் முடிஞ்சா நோட்டீஸை எடுத்துடணும். ஒரு நாள் கூட வெச்சிருக்க முடியாது. ஏம்மா, கேட்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? பேசாம கடை வீதியில ஒரு கடையைப் பிடிச்சுட்டா நானும் தொந்தரவு பண்ண மாட்டேன்.

— அங்கதானே சார் இருந்தேன். பஸ் நிக்கிற இடத்துக்கு எதிர்த்தாப்ல, மாடிப்படிக்குக் கீழ. ஒரு ஆள் உட்கார்ந்தா இன்னொரு ஆள் நிக்கணும், அவ்வளவுதான் இடம். ஆனா வேலைக்குக் குறைவே இல்ல. கட்டடத்தை இடிச்சாங்க, படியும் போச்சு, கடையும் போச்சு. இப்போ இந்த முன் ரூம்தான். மெயின் ரோட்ல திரும்பி, மூணு வளைவு வளைஞ்சு, குழாயடி தாண்டி வரணும். யாருக்கு சார் தெரியும், இங்க ஒருத்தி உட்கார்ந்து ஈ ஓட்டிக்கிட்டிருக்கான்னு?

— போன் பண்ணிக் கேட்டு வர மாட்டாங்களா?

— ஜிப் அறுந்தவங்க போன் நம்பரா தேடுவாங்க? கண்ணுல பட்டா கொடுப்பாங்க, படலைன்னா உங்களை மாதிரி ஊக்கைக் குத்திக்கிட்டுப் போவாங்க. எங்க அண்ணன் ஒரு கெடு வெச்சிருக்கான் சார், உங்க கெடுவை விட மோசம். இந்த மாசமும் ஆள் வரலைன்னா மெஷினை வித்துட்டு அவன் கம்பெனிக்கு வந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டணுமாம். நாள் பூரா லேபிள். நினைச்சாலே தூக்கம் வர மாட்டேங்குது.

— ம். அந்த நுனியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க.

— பிடிச்சாச்சு. இதோ எதிர் வீட்டு மாமாவும் வந்துட்டார். கூட்டம் கூடிடுச்சு.

— நான் என்ன கூட்டமாம்மா? சும்மா சொல்றேன், முக்காலி மேல நின்னு ஒரு மனுஷன் உன் ஜிப்பைத் தடவிக்கிட்டு நிக்கறதை ஜன்னல் வழியாப் பார்த்தேன். கீழ விழுந்தா பிடிக்க ஆள் வேணுமேன்னு வந்தேன். நல்லா இருக்கீங்களா தம்பி?

— நல்லா இருக்கேன் ஐயா. நீங்க எதிர் வீடுதானே? இந்த ஜிப் உங்க ஜன்னலுக்கு நேரா தொங்குது. உங்களுக்கு இது இடைஞ்சலா இருக்குமே.

— அட, நான் புகார் கொடுத்தேனான்னு மோப்பம் பிடிக்கிறீங்களா? நான் புகார் கொடுத்தா பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு, நேர்ல வந்து சண்டையும் போட்டுட்டுத்தான் போவேன். சும்மா சொல்றேன், எனக்கு இடைஞ்சல் இந்த ஜிப் இல்ல. இன்னைக்கு இருக்கற அமைதிதான் இடைஞ்சல்.

— அமைதியா?

— உங்க நோட்டீஸ் இருந்தவரைக்கும் தெருவே கலகலன்னு இருந்துச்சு தம்பி. யாராவது பெட்டியை இழுத்துக்கிட்டு வருவாங்க, வழி கேப்பாங்க, நானும் ரெண்டு வார்த்தை பேசுவேன். நேத்து நீங்க உரிச்சதோட சரி. இன்னைக்கு ஒரு காக்கா கூட எட்டிப் பார்க்கலை.

— மாமா, நீங்க உள்ள போய் உட்காருங்களேன்.

— இரும்மா, பேசிக்கிட்டிருக்கேன்ல. நோட்டீஸ் எனக்கு மனப்பாடம் தம்பி. "இந்த முகவரியில் ஜிப், பை, பெட்டி பழுதுபார்க்கும் தொழில் நடைபெறுவதாகவும்." கொட்டை எழுத்து, சிவப்பு மை. வாசல்ல ஒண்ணு, தெரு முனையில மெயின் ரோட்டைப் பார்த்து ஒண்ணு. மொத நோட்டீஸ்ல வெறும் கதவு எண்தான் இருந்துச்சு. ரெண்டாவதுல மூணாவது வளைவு, குழாயடின்னு வழியெல்லாம் போட்டு அம்புக்குறியும் போட்டிருந்தீங்க.

— சம்பந்தப்பட்ட இடம் பொதுமக்களுக்குச் சந்தேகமில்லாம தெரியணும் ஐயா. சட்டம் அப்படி.

— நல்ல சட்டம்.

— சார், அளந்து முடிச்சாச்சுல்ல? என்ன சொல்லுது டேப்பு? ரொம்பப் பெருசுதானே?

— பெருசுதான். ஆனா ஒரு சிக்கல் இருக்கும்மா. இதுல எழுத்தே இல்லையே.

— அதுக்கென்ன? ஜிப் படம்தான் இருக்கே.

— விளம்பரப் பலகைன்னா எழுத்து இருக்கணும், இல்ல எண் இருக்கணும், இல்ல விளக்கு எரியணும். மூணும் இல்லைன்னா அது பலகையே இல்ல, வெறும் அலங்காரம். அலங்காரத்துக்கு எந்தத் தடையும் இல்ல. தூரத்துலேர்ந்து பார்த்தப்ப ஓரத்துல ஏதோ எழுதியிருக்குன்னு தோணுச்சு. கிட்ட வந்து பார்த்தா அது தையல்.

— அப்படின்னா?

— அப்படின்னா உங்க மேல தப்பே இல்ல. நோட்டீஸ் கிடையாது.

— நோட்டீஸ் கிடையாதா? என்ன சார் இப்படித் தலையில கல்லைப் போடறீங்க? நல்லாப் பாருங்க. தெருவே திரும்பிப் பார்க்குது, இது போய் அலங்காரமா? நான் இங்க தொழில் பண்றேன்னு இதைவிட எப்படி சார் சொல்லுவாங்க?

— நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கீங்களா?

— இல்லையே.

— துணி வாங்கின கடையோட முத்திரை ஏதாவது? ஒரு மூலையில? சின்னதா இருந்தாலும் போதும்.

— அதையெல்லாம் வெட்டிட்டுத்தான் சார் தைச்சேன். சுத்தமா இருக்கணும்னு.

— சுத்தம் பார்க்கற நேரமாம்மா இது? இப்போ நான் என்ன பண்றது?

— இதுக்குத்தான் நீ தைக்கும்போதே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். புகார் கொடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு எழுத்து எழுதிடு, இல்லைன்னா செல்லாதுன்னு. நான் சொன்னா எங்க கேக்கற?

— மாமா.

— என்ன? ஓ. சொல்லிட்டேனா?

— சொல்லிட்டீங்க.

— நான் சும்மா சொன்னேன் தம்பி. எனக்கு வயசாச்சு, வாயில வர்றதெல்லாம் பேசுவேன்.

— விடுங்க மாமா, மூடி மறைக்க இனிமே என்ன இருக்கு? ஆமா சார். போர்டை மாட்டினதும் நான், போர்டு மாட்டியிருக்காங்கன்னு புகார் கொடுத்ததும் நான். மொத தடவை நிஜமாவே யாராவது புகார் கொடுத்துடுவாங்களோன்னு பயந்து, நாமளே முந்திக்கிட்டா பெரிய தப்பா ஆகாதுன்னு நினைச்சேன். நீங்க வந்து நோட்டீஸ் ஒட்டினீங்க. மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஆள் வந்தாங்க. நான் எழுதினா தப்பு, நீங்க எழுதினா ஒரு மாசம் யாரும் கை வைக்கக்கூடாது. அந்த ஆசை விடலை சார். ரெண்டாவது தடவையும் நானேதான் போன் பண்ணினேன். அபராதம் போடணும்னா போடுங்க. பையைத் தைச்சுட்டேன், அதையும் வாங்கிக்குங்க.

— மொத தடவை போன்ல பேசினவங்க குரலைத் தடியா வெச்சுக்கிட்டு ஆம்பளை மாதிரி பேசினாங்க. பின்னாடி தையல் மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

— ஐயோ.

— ரெண்டாவது தடவை மெஷினை நிறுத்திட்டாங்க. ஆனா போனை வைக்கும்போது, "அப்புறம் பேசறேன் சார், ஊசி உடைஞ்சுபோச்சு"ன்னு சொல்லிட்டு வெச்சாங்க.

— அப்படியா சொன்னேன்?

— அப்போ குரலும் ஆம்பளைக் குரல் இல்ல. மறந்துட்டீங்க போல.

— தெரிஞ்சேதான் வந்து ஒட்டினீங்களா சார்?

— தன் மேல தானே புகார் கொடுக்கக்கூடாதுன்னு சட்டத்துல எங்கயாவது இருக்கான்னு முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினேன். இல்ல. இல்லைன்னா நான் என்ன பண்ண முடியும்? ஒட்டித்தானே ஆகணும்.

— பாரும்மா இந்த மனுஷனை. சும்மா சொல்லலை, நிஜமாவே சொல்றேன், இந்த ஊர்ல இப்படி ஒரு ஆபீசரா?

— நான் முக்காலியிலேர்ந்து இறங்கிக்கறேன் ஐயா, தோளைக் கொடுங்க. அம்மா, நான் இங்க திரும்பி நின்னு பையைச் சரிபார்க்கப் போறேன். பின்னாடி என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஜிப் நல்லா ஓடுதே. வெண்ணெய் மாதிரி போகுது.

— மாமா, அந்தத் துணியில குறி போடற சாக்கட்டியை எடுங்க. மேசை மேல, கத்தரிக்குப் பக்கத்துல. சீக்கிரம்.

— இந்தா. பெருசா எழுது. கடைசியில ஒரு புள்ளி விட்டுப் போயிடப் போகுது.

— சார், திரும்பலாம்.

— அடடா. "ஜிப் ரிப்பேர்." இது எப்படி என் கண்ணுல படாமப் போச்சு? எழுத்து இருக்கு, அளவும் மீறியிருக்கு, அனுமதியும் இல்ல. கடுமையான விதிமீறல். உட்காருங்கம்மா, நோட்டீஸ்ல விவரம் எழுதணும். தொழில் என்னென்ன?

— அதே ஜிப், பை, பெட்டி.

— வேற? நோட்டீஸ்ல நிறைய இடம் காலியா இருக்கு. வெறுமனே விட்டா நல்லா இருக்காது.

— குடைத் துணி மாத்துவேன். ஸ்கூல் பை வாரு தைப்பேன். வண்டி சீட் உறை.

— வண்டி சீட் உறையுமா? சொல்லவே இல்லையே. எழுதியாச்சு. நேரம்?

— நேரம் கூடவா சார் போடணும்?

— விதிமீறல் எப்போ நடக்குதுன்னு தெரியணும்ல. காலையிலேர்ந்து இருட்டற வரைக்கும்னு போட்டுக்கறேன். ஞாயிற்றுக்கிழமை?

— மத்தியானம் வரைக்கும்.

— சரி. பசை டப்பாவைக் கொடுங்க ஐயா. வாசல்ல ஒட்டிடறேன். தெரு முனையில போன தடவை கொஞ்சம் தாழ்வா போயிடுச்சு, பஸ்ல போறவங்களுக்குத் தெரியலை. இந்தத் தடவை உயர்த்தி ஒட்டணும்.

— சார், அழுகையா வருது, சிரிப்பாவும் வருது.

— சிரிச்சுக்கிட்டே அந்த ஓரத்தை அமுத்திப் பிடிங்க. சுருக்கம் விழுந்தா எழுத்து தெரியாது. பையைத் தைச்ச காசு இந்தாங்க. சில்லறை வேண்டாம்னு சொல்ல மாட்டேன், கொடுத்துடுங்க.

— இந்தாங்க. ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லிடறேன் சார். நீங்க நம்பணும். இந்தத் தடவை புகார் கொடுத்தது நான் இல்ல. இன்னைக்குச் சாயங்காலம் பண்ணலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்களே வந்து நிக்கிறீங்க.

— அதானே. நானும் இல்ல தம்பி. இந்தத் தெருவுல இவளுக்கு வேற யாரும் ஆகாதவங்க கிடையாது. அப்போ மூணாவது புகார் யார் கொடுத்தது?

— பேரை வெளியில சொல்லக்கூடாது ஐயா, சட்டம் அப்படி. கையில பசை ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.