நற்கருணை வேளையில் கறிக்கடை

ஒரு சின்ன சங்கதி சொல்றேன், கேளுங்க. ஆனா ஒரு நிபந்தனை... கேக்கும்போது யாரும் பக்கத்துல இருக்கவங்கள முழங்கையால இடிக்கக் கூடாது. சரியா?

ஒரு சபையில ஞானதிரவியம்னு ஒரு வாத்தியார். நல்ல மனுசன். ஒரு ஜெபக்கூட்டம் தவற மாட்டாரு. ஆனா கூடப்பிறந்த தம்பி ஜெயசீலன்கூட எட்டு வருசமா பேச்சு கிடையாது. என்ன பெரிய சண்டைங்கிறீங்க? அப்பா கல்லறைக் கல்லுல பிள்ளைங்க பேரை வெட்டுனப்போ, தம்பி தன் பேரை மேல போட்டுட்டான், அண்ணன் பேரு கீழ. அம்புட்டுதான்! படுத்திருக்கிறவரு எந்திரிச்சு வந்து வாசிக்கவா போறாரு?

வாத்தியாருக்கு வேதம் நல்லாத் தெரியும். சகோதரன்கூட மனத்தாங்கலை வச்சுக்கிட்டு பீடத்துக்கு வரக் கூடாதுன்னு இயேசு சொல்லியிருக்காருல்ல? அதனால என்ன செஞ்சாரு? தம்பியத் தேடிப் போனாரா? ம்ஹும்... மாசத்துல முதல் ஞாயிறு, நற்கருணை ஆரம்பிச்சதும் பையைச் சுருட்டி கக்கத்துல வச்சுக்கிட்டு, கோயிலுக்குப் பின்னாடி காதர் பாய் கறிக்கடைக்குப் போயிருவாரு. எட்டு வருசமும் நல்ல தொடைக்கறி! கீழ்ப்படிதலைப் பாத்தீங்களா?

இப்படி இருக்கும்போது அவரு மக பியூலா, நற்கருணை எடுக்கிற வயசு வந்து, திடப்படுத்தல் எடுத்தா. அடுத்த முதல் ஞாயிறு அவளுக்கு முதல் நற்கருணை. அந்தப் பிள்ளை ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அப்பா, அன்னிக்கு நீங்க என் பக்கத்துல முழங்கால் போடணும்ப்பா."

"அதெப்படிம்மா? உன் சித்தப்பாமேல கோபம் இருக்கே. வேதம் என்ன சொல்லுது?"

"அப்போ சமாதானம் ஆயிருங்க."

"அவன் முதல்ல வரட்டும்."

பிள்ளை கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

அந்த ஞாயிறும் வந்துச்சு. வாத்தியாரு பிள்ளையத் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு. ஆனா வீம்பு விடுமா? எந்திரிச்சுட்டாரு. கடைக்குப் போயி, "பாய், தொடைக்கறி"ன்னு பையை நீட்டுறாரு... பக்கத்துல இன்னொரு பை நீளுது. யாரு? தம்பி ஜெயசீலன்!

காதர் பாய் கத்தியைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாரு. "சரியாப் போச்சு! மாசா மாசம் முதல் ஆராதனை நேரத்துல இவரு வருவாரு. ரெண்டாவது ஆராதனையில வாத்தியாரையா வருவீங்க. இன்னிக்கு என்ன சேர்ந்து வந்துட்டீங்க?"

தம்பி அண்ணனப் பாக்கல. பாயைப் பாத்துச் சொல்றான். "பிள்ளையப் பாக்கத்தான் இன்னிக்கு ரெண்டாவதுக்கு வந்தேன், பாய். அண்ணன்மேல கோபத்தோட நற்கருணை எடுக்கக் கூடாதுல்லா? அதான் வெளிய வந்துட்டேன்."

வாத்தியாரும் பாயைப் பாத்தே சொல்றாரு. "நானும் அதுக்குத்தான் வந்தேன்னு அவன்கிட்டச் சொல்லுங்க!"

பாய் ரெண்டு பேரையும் பாத்தாரு. "உங்க வேதம் எனக்குத் தெரியாது. கோவிச்சுக்கிட்டா கறி வாங்கணும்னா அதுல போட்டிருக்கு?"

அப்போ கோயில் மைக்ல, ஆராதனை நடத்துற அய்யர் குரல்... "புதுசா எடுக்கிற பிள்ளைங்க முதல்ல வாங்க."

வாத்தியார் உடைஞ்சு போயிட்டாரு. "சீலா... அந்தப் பிள்ளை எனக்கு இடம் விட்டு நிக்கும்ல! உன்மேல எனக்கு ஆத்திரம் இன்னும் தீரல. உன் மூஞ்சியப் பாத்தாலே அந்தக் கல்லுதான் தெரியுது. ஆண்டவரே, என்னால ஆகல... நீரே இதைப் பிடுங்கிப் போடும்!" சொல்லிக்கிட்டே தம்பி கையைப் பிடிச்சுட்டாரு.

"தப்பு என்னுதுதாண்ணே. கல்லை மாத்திருவோம்."

"அது கிடக்கட்டும்ல, ஓடி வா!"

ஓடுறாங்க... வேட்டியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடுறாங்க! பீடத்தண்டை பியூலா பக்கத்துல ஒரு ஆளுக்குத்தான் இடம். அதுல ரெண்டு பேரும் நெருக்கிக்கிட்டு முழங்கால் போட்டாங்க. அந்தப் பிள்ளை சிரிச்சுச்சு, அழுதுச்சு.

பிரியமானவங்களே, இயேசு என்ன சொன்னாரு? போ... உன் சகோதரனோட ஒப்புரவாகு... அப்புறம் திரும்பி வா. நாம 'போ'ன்னு சொன்னதை மட்டும் கேட்டுக்கிட்டுப் போயிட்டோம்! கசப்பைப் பொத்திப் பொத்தி வளர்த்துட்டு, அதுக்குப் பயபக்தின்னு பேரும் வச்சுட்டோம். கோபம் தீர்ந்த பிறகு மன்னிக்கிறேன்னு உக்காந்திருந்தா அது என்னிக்குத் தீரும்? தீரலையா... தீரலன்னு ஆண்டவர்கிட்டயே சொல்லுங்க. சொல்லிக்கிட்டே நடங்க.

இப்போ நற்கருணை ஆரம்பிக்கப் போறோம். நீங்க பேச வேண்டிய ஆளு எந்த பெஞ்சுல இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும்... எனக்கும் தெரியும்! எந்திரிச்சுப் போங்க. அவசரமில்ல, நான் இங்கயே நிக்கிறேன்.