ஒரு பெட்டி, இரண்டு கார்

"இன்னாடா இது, நீ திருப்பினா என் வண்டி திரும்புது?"

வடபழனி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு வாலிபர்கள். ஆளுக்கொரு பொம்மைக் கார் மடியில், கன்ட்ரோல் பெட்டி கையில். ரேடியோ அலையில் ஓடுமாம், அவர்களே கட்டியதாம்.

"ரெண்டு பேரும் ஒரே அலைவரிசை கிரிஸ்டல் வாங்கிக்கினோம் மச்சி. அதான் ஒரு பெட்டிக்கு ரெண்டு வண்டியும் திரும்புது."

"அப்ப நாளைக்குப் பந்தயம்?"

"கீது. ஒரே கன்ட்ரோல் பெட்டியில ரெண்டும் ஓடட்டும். எது முந்துதோ அதான் நல்லா கட்டின வண்டி. ஓட்டத் தெரியலன்னு நீ சாக்கு சொல்ல முடியாது."

"பெட்டி யார் கையில?"

"என் கையில."

"உன் வண்டிக்குத் தோதா வளைச்சுடுவியே! நடக்காது நைனா."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் குனிந்தார்.

"என்கிட்ட குடுங்கப்பா. நாளைக்கு எனக்கு லீவுதான்."