இடைவேளை விசாரணை

— இடது பக்கம்னா சொன்னீங்க? ஐயோ, நான் வலது பக்கம்னு சொல்லிட்டு வந்திருக்கேனே!

— நான் இடது பக்கம்தானே படுக்கறேன்.

— எனக்கு எப்படித் தெரியும்? நீங்க பேக்கரில மாவு பிசைஞ்சு முடிச்சு வந்து படுக்கறப்போ நான் பஸ் ஓட்டிக்கிட்டிருக்கேன். நான் வந்து படுக்கறப்போ நீங்க அடுப்பு முன்னால நிக்கறீங்க. கட்டில் மொத்தமும் எனக்குத்தான். எந்தப் பக்கம்னு எதை வெச்சு சொல்ல?

— அதாவது வந்து... நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

— கொஞ்சம் இருங்க ரெண்டு பேரும். நான் ஒண்ணும் சொல்லல, சும்மா கேக்கறேன். கட்டின புருஷன் கட்டில்ல எந்தப் பக்கம் படுக்கறான்னு உனக்குத் தெரியாது. இத அந்த ஆபீசர் அம்மா நம்பணும். அப்படித்தானேடி?

— அக்கா, நீ வேற ஆரம்பிக்காத. கார் கண்ணாடிய கொஞ்சம் இறக்கு, மூச்சு முட்டுது.

— பார்க்கிங்ல கண்ணாடிய இறக்கிட்டுப் பேசற பேச்சா இது? தலைக்கு மேல அவங்க இமிக்ரேஷன் ஆபீஸ். போறவன் வர்றவன்ல எவன் அவங்க ஆளுன்னு யாரு கண்டா? ஏசி போடறேன், வாய மூடிக்கிட்டு மூச்சு விடு.

— வாய மூடிட்டா எப்படிப் பேசறதாம்?

— அதுக்கு மட்டும் தொற. மாப்பிள்ளை, நான் நேராவே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மத்தவங்கள ஒரு தடவ கூப்பிட்டுக் கேட்டுட்டு அனுப்பிடறாங்க. உங்க ரெண்டு பேரையும் மட்டும் எதுக்கு, சாப்பாட்டு இடைவேளை முடிஞ்சதும் ஒண்ணா உள்ள வாங்கன்னு சொல்லியிருக்காங்க?

— பதில் ஒத்துப் போகலையோ என்னவோ அண்ணி.

— ஒத்துப் போகலன்னா பி.ஆர்., நிரந்தரமா இங்க தங்கற பேப்பர், கிடையாது. பி.ஆர். இல்லன்னா விசா முடிஞ்ச கையோட நீங்க பொட்டி கட்ட வேண்டியதுதான். இவளுக்குக் குடியுரிமை இருக்கு, இவ இங்கயே இருப்பா. நிஜக் கல்யாணம்தான்னு சாட்சிக் கையெழுத்து போட்ட நான் அசடு வழிஞ்சுக்கிட்டு நிக்கணும்.

— அதுக்குத்தானே இப்ப உக்காந்து சரி பாக்கறோம்! சொல்லுங்க, கட்டிலுக்கு அடுத்து என்ன கேட்டாங்க?

— இன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு. நீ டீ போட்டுக் குடுத்தேன்னு சொன்னேன்.

— நான் எங்க போட்டேன்? நான் உங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன். நீங்கதான் டீ போட்டு என் கைல குடுத்தீங்க. நான் அதத்தானே சொன்னேன்!

— அப்படிச் சொன்னா, பொண்டாட்டி ஒரு டீ கூட போட மாட்டாளான்னு உன்னத் தப்பா நெனப்பாங்களேன்னு...

— உங்கள யாரு நெனக்கச் சொன்னா? நடந்தத சொல்லுங்கன்னா நடந்தத சொல்ல வேண்டியதுதானே. சண்டை பத்திக் கேட்டாங்களா?

— கேட்டாங்க. நாங்க சண்டையே போட்டதில்லன்னேன்.

— போச்சு! நான் பால் காலியானதுலருந்து உங்க ஈர டவல் வரைக்கும் எல்லாத்தையும் சொல்லி, அந்தம்மா போதும்மா போதும்மான்னு கையக் காட்டினாங்க.

— நான் கடைல, வித்த சாமானத் திருப்பி வாங்கற ரிட்டர்ன் கவுன்டர்ல வேல பாக்கறவ. பிரிக்காத பெட்டி, தொடாத பெட்டின்னு சொல்லி ஜனங்க எத எதயெல்லாம் கொண்டு வந்து நீட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு சண்டை கூட போடாத புருஷன் பொண்டாட்டின்னு யாராவது வந்து சொன்னா, முதல்ல அந்தப் பெட்டியத்தான் நான் பிரிச்சுப் பாப்பேன்.

— பிரி, பிரி. உனக்கு வேற என்ன வேல. ஏங்க, முதல்ல எங்க பாத்துக்கிட்டீங்கன்னு கேட்டிருப்பாங்களே, அதுவாச்சும் ஒழுங்கா சொன்னீங்களா? எங்க டிப்போல ஒரு பெரியவர் ரிட்டயர் ஆன அன்னைக்கு நான் கேக் வாங்க பேக்கரிக்கு வந்தேன், அங்கதான் பாத்தோம். நான் அப்படித்தான் சொன்னேன்.

— நான்... பஸ்ல பாத்தேன்னு சொன்னேன்.

— எந்த பஸ்ல?

— உன் பஸ்லதான். அதாவது வந்து... நீ கேக் வாங்க வர்றதுக்கு முன்னாடியே. காலைல வேல முடிஞ்சு உன் பஸ்லதான் ஏறுவேன்.

— எத்தன நாளா?

— பல மாசமா.

— கல்யாணம் ஆகி இவ்வளவு நாள்ல ஒரு வார்த்த சொன்னதில்லையே! கேக் கடையில பாத்ததுதான் முதல்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறேன் நான்.

— இருடி. எனக்கு ஒரு கணக்கு இடிக்குது. அவரு அப்போ தங்கியிருந்த ரூம் ஆத்துக்கு அந்தப் பக்கம். உன் பஸ் போறது இந்தப் பக்கம். மாப்பிள்ளை, நான் சும்மா கேக்கறேன், வீட்டுக்குப் போகாத பஸ்ல ஏறி எங்க போனீங்க?

— கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன். அங்க இறங்கி வேற பஸ் புடிச்சுத் திரும்பி வருவேன்.

— விடிய விடிய அடுப்பு முன்னால வெந்துட்டு, போய்த் தூங்காம?

— ஆமா அண்ணி.

— எதுக்கு?

— யாராவது ஓடி வர்றது கண்ணாடில தெரிஞ்சா இவ நிறுத்துவா. மத்த டிரைவருங்க கதவ மூடிட்டுப் போயிடுவாங்க. இவ நிறுத்தி, அவங்க ஏறி உக்கார்ற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டா. அத பாத்துக்கிட்டிருப்பேன்.

— கேக்க நல்லாத்தான் இருக்கு. இவளுக்குக் குடியுரிமை இருக்குன்னு எப்போ தெரிஞ்சுது?

— அக்கா!

— நீ சும்மா இரு. உனக்கும்தானே தெரியணும்?

— ...சொல்லுங்க. எப்ப தெரிஞ்சுது?

— ரூம்ல கூட இருந்தவன் சொன்னான். குடியுரிமை இல்லாதவங்கள இங்க பஸ் ஓட்டற வேலைக்கு எடுக்க மாட்டாங்கடா, உனக்கு யோகம்தான், விட்டுடாதன்னான்.

— அப்போ நான் கேக் வாங்க வந்த அன்னைக்கு உங்களுக்கு இது தெரியும்.

— தெரியும்.

— நான் கேக்காமயே சுடச்சுட ரெண்டு பன் எடுத்து வெச்சுக் குடுத்தீங்களே, அப்பவும் தெரியும்.

— பசிக்குதுன்னு சொன்னே. அதனால குடுத்தேன்.

— ம்.

— என்னடி "ம்"? கத்தேன்! எனக்கே வயிறு எரியுது, நீ "ம்"முங்கற!

— கத்தி என்ன ஆகப் போகுது அக்கா? டிப்போல தினமும் இதத்தானே சொல்றாங்க. பேப்பர் கைக்கு வந்த மறுநாள் பாரு, உன் ஆளு எந்த பஸ்ல ஏறிப் போறான்னு. நானும் கூடச் சேந்து சிரிச்சுட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள கண்ணு மறைக்கும், தொடச்சுக்குவேன்.

— என்கிட்ட நீ சொன்னதே இல்லையே.

— சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? அதாவது வந்துன்னு ஆரம்பிப்பீங்க. அதுக்குள்ள என் ஷிப்ட்டுக்கு நேரமாயிடும்.

— ரூம்ல இருந்தவன் சொன்னத நான் மனசுல வெச்சுக்கல. சத்தியமா.

— சரி. நம்பறேன். இப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. நான் வெளிய வந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் நீங்க வந்தீங்க. இஸ்திரி போட்ட சட்ட வேர்வைல தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. கடைசில என்ன கேட்டாங்க?

— பெருசா ஒண்ணும் இல்ல.

— பெருசா இல்லன்னா சொல்ல வேண்டியதுதானே?

— அத நான் பாத்துக்கறேன். திரும்ப உள்ள போனதும் உன்ன எது கேட்டாலும், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு. அது போதும்.

— என்னன்னே தெரியாம தெரியாதுன்னு சொல்லணுமா? நல்லா இருக்கே கதை!

— சரி, இனிமே நான் பொறுக்க மாட்டேன். சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். போன வாரம் இந்த ஆபீஸ்லருந்து எனக்கு ஃபோன் வந்துச்சு. சாட்சி நான்தானே. இது பொய்க் கல்யாணம், பேப்பருக்காகக் கட்டினதுன்னு யாரோ கூப்பிட்டுப் புகார் சொல்லியிருக்காங்களாம்.

— நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?

— என்ன சொல்ல? என் தங்கச்சி வாழ்க்கையாச்சே. மனசுல ஆயிரம் இருந்தும், நல்ல பையன், நிஜக் கல்யாணம்தான்னேன். ஆனா அவங்க வாய் தவறி ஒண்ணு சொல்லிட்டாங்க. கூப்பிட்டது ஒரு பொம்பளயாம்.

— மணி என்ன ஆச்சு அக்கா?

— காதுல விழுந்துச்சாடி? பொம்பள! மாப்பிள்ளை, யார் அவ?

— எனக்குத் தெரியாது.

— ஊர்ல விட்டுட்டு வந்தவளா? இல்ல, இங்கயே பேக்கரில கூட வேல பாக்கறவளா?

— அப்படி யாரும் இல்ல அண்ணி.

— பின்னால உக்காந்துக்கிட்டு ஜன்னலப் பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— யாருன்னு எனக்குத் தெரியாது.

— இதான். இதேதான். பெட்டிய உடைச்சவங்க கவுன்டர்ல இப்படித்தான் ஒரே வார்த்தயக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க.

— விடு அக்கா.

— என்னத்த விட? உன் புருஷனக் காட்டிக் குடுக்கற அளவுக்கு எவளோ ஒருத்திக்கு ஆத்திரம் இருக்கு. ஆத்திரம் சும்மா வருமா? நீ என்னடான்னா கல்லு மாதிரி உக்காந்திருக்க! நான் மேல போறேன். போட்ட கையெழுத்த வாபஸ் வாங்கிக்கறேன். அவ யாருன்னு தெரிஞ்சப்புறம் குடுக்கட்டும் பேப்பர்.

— அண்ணி, வேணாம். கதவச் சாத்துங்க, சொல்றதக் கேளுங்க.

— பயமா இருக்கா? பயமா இருந்தா பேரச் சொல்லுங்க.

— அக்கா, உள்ள உக்காரு.

— முடியாது. நீ ஏமாந்தவ, உனக்கு ஒண்ணும் புரியாது.

— உக்காருன்னு சொல்றேன்ல! அது நான்தான்.

— எது நீ?

— ஃபோன் பண்ணது நான்.

— ...என்னடி உளர்றே?

— டிப்போ ஓய்வறைல இருக்கற ஃபோன்லருந்து பண்ணேன். பேரு சொல்லல. கொரல கொஞ்சம் மாத்திப் பேசினேன்.

— உனக்கென்ன பைத்தியமா? உன் புருஷன் மேல நீயே புகார் குடுப்பியா?

— எனக்குத் தெரிஞ்சாகணும் அக்கா. வேற எப்படித் தெரிஞ்சுக்க? என் மேல ஆசையான்னு கேட்டா, ஆசைதான்னு சொல்றாரு. நிஜமா இருக்கறவனும் அதத்தான் சொல்வான், ஏமாத்தறவனும் அதத்தான் சொல்வான். நாங்க முகம் பாத்துப் பேசறதே வாரத்துல ஒரு நாள். இந்த ஆபீஸ்காரங்க தினமும் எத்தன ஜோடியப் பாக்கறாங்க. இவங்களுக்கு எங்க மேல சந்தேகம் வந்தா நல்லா குடைஞ்சு குடைஞ்சு கேப்பாங்க, கேட்டு நிஜமா பொய்யான்னு கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நெனச்சேன்.

— கண்டுபிடிச்சா இவர ஊருக்கு அனுப்புவாங்க. உன்ன உக்கார வெச்சு, ஆசைதாம்மான்னு சர்டிபிகேட்டா குடுப்பாங்க? அறிவிருக்கா உனக்கு?

— இல்ல. அன்னைக்கு இல்ல. மறுநாளே திரும்பக் கூப்பிட்டேன், தப்பா சொல்லிட்டேன், அழிச்சிடுங்கன்னு கெஞ்சினேன். பதிவு பண்ணியாச்சு, ஒண்ணும் செய்ய முடியாதுன்னு வெச்சுட்டாங்க. ஏங்க, எதாவது பேசுங்க. திட்டுங்க. அடிக்கக் கூட அடிங்க.

— எதுக்குத் திட்டணும்?

— நீங்க இப்படி இருக்கறதுதான் எனக்குத் தாங்கல. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, உள்ள போனதும் முதல் வார்த்தயா நானே சொல்லிடறேன்.

— நீ வாயத் திறக்கக் கூடாது.

— ஏன்?

— பொய்ப் புகார் குடுத்தா கேஸ் போடுவாங்க. கேஸ்னு வந்தா பஸ் லைசென்ஸப் புடுங்கிடுவாங்க. அப்புறம் உன்னால டிப்போ பக்கமே போக முடியாது.

— மாப்பிள்ளை, ஒரு நிமிஷம். அவ இப்பத்தான் வாயத் தொறந்து சொல்றா. கேஸு, லைசென்ஸுன்னு இவ்வளவும் அதுக்குள்ள உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— என்னத் தனியா விசாரிச்ச இன்னொரு ஆபீசர் சொன்னாரு அண்ணி.

— எப்போ?

— கடைசில. புகார் வந்த ஃபோன் பதிவ போட்டுக் காட்டினாரு. வாயத் தொறந்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுடுச்சு, இவ என்னதான் கொரல மாத்தினாலும்.

— ஐயோ... கேட்டீங்களா? நான் பேசினது எல்லாத்தையும் கேட்டீங்களா?

— திரும்பத் திரும்ப போட்டாரு. நம்பர் உங்க மனைவி வேல பாக்கற டிப்போ நம்பர், இது அவங்கதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, உங்க மேல இருக்கற சந்தேகத்த எடுத்துட்டு இன்னைக்கே உங்க பி.ஆர்.ல கையெழுத்து போடறேன், பொய் சொன்னதுக்கு அவங்க பதில் சொல்லிக்கட்டும்னாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என் பொண்டாட்டி கொரல் எனக்குத் தெரியாதா சார், இது அவ இல்லன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.