நாற்காலி திரும்பினாள்

— "நான் எழுதின ஒரே ஒரு வரியைப் படிச்சு, இருநூறு பேர் வேலை பார்த்த ஆபீஸே மாடியிலிருந்து இறங்கித் தெருவுல ஓடுச்சு." இதை முதல் வரியா அடி.

— அடிக்க மாட்டேன்.

— ஏன்?

— உங்க ஸ்கிரிப்டை அடிச்சுக் கொடுத்த அந்த டைப்பிங் ஆபீஸ்ல நானும்தானே வேலை பார்த்தேன். மொத்தம் ஒன்பது பேர். அதுல ஒருத்தர் அன்னைக்கு லீவு.

— சரி, எட்டு. எட்டு பேர் கத்திக்கிட்டு ஓடினா இருநூறு பேர் மாதிரி இருக்காதா?

— ஃபேன்ல ஷார்ட் சர்க்யூட்டுங்க. புகை வந்துச்சு, ஓடினோம். முப்பத்தாறு வருஷமா சொல்றேன்.

— நானும் முப்பத்தாறு வருஷமா நம்பல. கேளு, நாலு மணிக்குப் பதிப்பகத்துக்காரர் வந்துடுவார். என் சுயசரிதை. நான் சொல்றதை அடிக்க உனக்கென்ன?

— நீங்க சொன்னதையெல்லாம் அடிச்சிருந்தா, மூணாவது அத்தியாயத்துல ஒரு பேய் உங்ககிட்ட கதை கேட்டு அழுதிருக்கும்.

— அழுதுச்சே!

— கரண்ட் போனா என் கையைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் போற ஆளு நீங்க.

— பயப்படத் தெரிஞ்சவனுக்குத்தான் பயமுறுத்த வரும். நாற்பத்திரண்டு பேய்ப் படம் எழுதியிருக்கேன், தெரியும்ல?

— அதுல முப்பது படத்துல பேய் கிணத்துலேருந்துதான் வருது.

— தயாரிப்பாளர் தோட்டத்துல ஒரு கிணறு இருந்துச்சு. சும்மா கிடக்கவா விடுவாங்க?

— மிச்சப் பன்னிரண்டு?

— அதுல கிணத்துக்குள்ள திரும்பிப் போகுது. சிரிக்காதே. அத்தனை படத்துலயும் ஜனங்க ஞாபகம் வச்சிருக்கிறது ஒரே ஒரு வரி. "இருட்டறை. நாற்காலி திரும்பினாள்." திரும்பியது இல்ல, திரும்பினாள்! டைரக்டர் அதைப் படிச்சுட்டுப் பேப்பரைக் கீழே போட்டார். அப்புறம்தான் செட்டுல எனக்குன்னு தனியா ஒரு நாற்காலியே போட்டாங்க.

— நீங்க அதுல உட்கார மாட்டேன்னு நாள் பூரா நின்னீங்க.

— யாரு உட்காருவா? அதை விடு. அந்த வரி ஒரு ஆபீஸையே ஓட வச்சுதுன்னு எழுதலேன்னா, நான் யாரு? வெறும் கிணத்துக்காரன். பேத்திகூட அப்படித்தான் கூப்பிடறா. ஒரு தடவை, எனக்காக, ஆமான்னு சொல்லேன்.

— சரி, ஒண்ணு கேட்கறேன். பொய் சொல்லக் கூடாது. அந்த "திரும்பினாள்" உங்களுக்கு எப்படித் தோணுச்சு?

— அதுவா... நல்ல மழை. பளிச்சுன்னு ஒரு மின்னல், அந்த வெளிச்சத்துல...

— ஏங்க.

— தோணல.

— என்னது?

— நான் எழுதல போதுமா? நான் எழுதிக் கொடுத்தது "திரும்பியது". டைப்பாகி வந்தப்போ "திரும்பினாள்". எல்லாரும் கைதட்டினாங்க, நானும் அடக்கமாத் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். உன் கை பண்ணின தப்புன்னு புரிஞ்சுது. இந்தக் கையை வெளியில விட்டு வச்சா ஆபத்துன்னுதான் மறு வாரமே உங்கப்பாவைப் பார்க்க வந்தேன்.

— என் சிரிப்பைப் பார்த்து வந்தேன்னீங்க?

— அதை அப்புறமாத்தான் பார்த்தேன். சத்தியமா நல்ல சிரிப்பு. இந்தா, உன் பேரையும் போட்டுக்க. "தப்பு மனைவியுடையது, புகழ் என்னுடையது."

— நகருங்க அந்தப் பக்கம். கீபோர்டை மறைக்காதீங்க.

— என்ன அடிக்கிற?

— நீங்க சொன்னதைத்தான். இருநூறு இல்ல, எட்டு.

— அப்போ ஷார்ட் சர்க்யூட்?

— ஷார்ட் சர்க்யூட்டும் இல்ல, புகையும் இல்ல. அந்த வரியைப் பார்த்துட்டு முதல்ல கத்திக்கிட்டு ஓடினது நான். மத்த ஏழு பேரும் எதுக்குன்னே தெரியாம என் பின்னாடி ஓடி வந்தாங்க.

— அடிப்பாவி! இத்தனை வருஷமா ஏன் சொல்லல?

— சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே இந்தத் தொழிலை விட்டுட்டு ஓடியிருப்பீங்க.

— உன் தப்பைப் பார்த்து நீயே பயந்ததுக்கு நான் ஏன் ஓடணும்?

— நான் தப்பே பண்ணலைங்க. "நாற்காலி"ன்னு அடிச்சதும் கையை எடுத்துட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். மிச்சத்தை அந்த டைப்ரைட்டர் அடிச்சாள்.