ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு

மணி இரண்டு பத்து. நாலு வழிச் சாலை. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள், மறுபக்கம் வெறும் பொட்டல். சாலையோரச் சரளையில் ஒரு வேன் அசையாமல் நிற்கிறது.

ஏன் நிற்கிறது? டீசல் இல்லை. ஏன் இல்லை? ஓட்டியவன் அப்படி.

இது நம் ஸ்டோர்கீப்பரின் மைத்துனனுக்கு நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் கதை முடிந்ததும் தனியாகக் கொல்லைப்பக்கம் போய்வந்து காட்டுங்கள். விளக்கை மட்டும் யாரும் போட வேண்டாம்.

ஆள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பெயர் 'இன்னும் ஓடும்'. லிஃப்ட் வடத்தில் ஒரு இழை பிசிறியிருந்தாலும் மாற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். அதில் குறை சொல்ல முடியாது. சொந்தச் சாமான் என்று வந்தால்தான் வேறு ஆள். செருப்பு அறுந்தால், "இன்னும் ஓடும்." பல் தேய்க்கும் பிரஷ் மொட்டையானால், "இன்னும் ஓடும்." அன்றைக்கும் டீசல் முள் சிவப்பில் படுத்தே விட்டது. பெட்ரோல் பங்கைத் தாண்டும்போது முள்ளைப் பார்த்து அதே வசனத்தைச் சொன்னான். வண்டி எட்டு கிலோமீட்டர் ஓடியது. பிறகு இருமியது. பிறகு... இதோ, நிற்கிறது.

கம்பெனிக்குப் போன் போட்டான். எடுத்த சூப்பர்வைசர் தூக்கக் கலக்கத்தில் சொன்னார்: "உன்னைய மாதிரி ஒருத்தன் இருந்தா போதும்டா, எங்க வம்சமே வெளங்கிரும். அஞ்சு மணிக்கு ஆள் வரும். அதுவரைக்கும் உள்ளயே உக்காரு."

உட்கார்ந்தான். பக்கத்து இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அன்று சாயங்காலம் அண்ணி கொடுத்தது. அண்ணி வீடு மாறுகிறாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள் அலமாரியிலிருந்து அந்தப் பையை எடுத்து நீட்டினாள்.

"உங்க அண்ணனோடது. இனிமே நீயே வெச்சுக்க தம்பி. என்னால முடியல."

கண்ணுக்குக் கீழே கருவளையம். போட்டிருந்த நைட்டியில் இடது தோள் மட்டும் வெளுத்து, நூல் நைந்து கிடந்தது. பாவம், நல்ல துணிகளையெல்லாம் கட்டிவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டான்.

பைக்குள் ஒரு பழைய கையடக்க டேப் ரெக்கார்டர். உள்ளே ஒரு கேசட். பதினோரு வருஷமாக யாரும் போட்டுக் கேட்காத கேசட்.

அண்ணனும் தம்பியும் ஒரு ராக் குழுவின் மேல் பைத்தியமாக இருந்தவர்கள். நாலு பேர் குழு. எந்த ஊரில் கச்சேரி என்றாலும் இரண்டு பேரும் ஆஜர். கேட்பதோடு நிற்காது, திருட்டுத்தனமாகப் பதிவும் செய்வார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. அண்ணனின் சட்டைக் காலருக்கு அடியில் பொத்தான் அளவு மைக், பாக்கெட்டில் ரெக்கார்டர். மைக் கட்டியவன் வாயே திறக்கக் கூடாது. பாடக் கூடாது, கைதட்டக் கூடாது, இருமக் கூடாது. சுற்றிலும் பத்தாயிரம் பேர் கத்தினாலும் பதிவில் பக்கத்துக் குரல்தான் பெரிதாக விழும். அதற்காகவே அண்ணன் வாயில் எப்போதும் ஒரு யூகலிப்டஸ் மிட்டாய். தம்பி எதையாவது கேட்க வேண்டுமென்றால் ஜாடையில் கேட்பான். அண்ணன் தம்பியின் இடது தோளில் தட்டிப் பதில் சொல்வான். ஒரு தட்டு, ஆமா. இரண்டு தட்டு, இல்லை. தம்பி சொல்வதற்கும் அதே கணக்கு.

அந்தக் குழுவின் கடைசிக் கச்சேரி. புது பேட்டரி வாங்கி வரச் சொல்லி அண்ணன் தம்பியிடம் சொல்லியிருந்தான். தம்பி மறந்துவிட்டான். வேலைக்குக் கொண்டுபோகும் டார்ச்சிலிருந்து இரண்டைக் கழற்றிப் போட்டான். மனசுக்குள் என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

ஐந்தாவது பாட்டு. ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு மங்கி அணைந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தான். விரலால் ரெக்கார்டரைக் காட்டி, புருவத்தை உயர்த்தினான். 'புதுசுதானே?'

தம்பி அண்ணன் தோளில் ஒரு தட்டு தட்டினான். 'ஆமா.'

அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனான். எதிர்ச்சாரிக் கடைக்கு. திரும்பி வரவில்லை. ஒரு லாரி. ஆளைத் தூக்கியெறிந்த லாரி, பாக்கெட்டிலிருந்த ரெக்கார்டரில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

அந்த ஒரு தட்டைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை. "அண்ணன் எதுக்கு வெளிய போனாரு, ஏதாவது தெரியுமா?" என்று அண்ணியிடம் சுற்றிச் சுற்றிக் கேட்பான். "பழசைக் கிளறாத தம்பி" என்று அவளும் தினுசு தினுசாக நழுவுவாள். தான் பொய் சொன்னது அண்ணனுக்குத் தெரியுமா, தெரிந்து கோபத்தோடு போனானா... இந்த ஒன்று பதினோரு வருஷமாக அவன் தொண்டையில் முள்ளாக நின்றது.

வேனுக்குள் உட்கார்ந்து ரெக்கார்டரைப் பார்த்தான். வரும் வழியில் புது பேட்டரி வாங்கியிருந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக. போட்டான். இயர்போனைக் காதில் செருகினான். அழுத்தினான்.

உஸ்ஸ்ஸ்... நாடா இரைச்சல். பிறகு கூட்டம். பத்தாயிரம் தொண்டைகள். யாரோ விசிலடித்தான். டிரம் குச்சிகள் நாலு தரம் மோதின. டக், டக், டக், டக். முதல் பாட்டு வெடித்தது.

இவனுக்கு முதலில் அழுகைதான் வந்தது. பயம் பிறகு. எல்லாம் அப்படியே இருந்தது. இரண்டாவது பாட்டில் கிட்டார்க்காரன் ஒரு இடத்தில் தவறியது, மூன்றாவதில் மைக் கிறீச்சிட்டது. எல்லாவற்றுக்கும் அடியில், மைக்குக்கு வெகு அருகில், மூக்கால் விடும் ஒரு மூச்சு. சீராக. இருமாமல் இருக்கப் பாடுபடும் ஒருவனின் மூச்சு.

ஐந்தாவது பாட்டு. பேட்டரி இறங்கும்போது பதிவான நாடா, பிறகு போட்டுக் கேட்கும்போது வேகமெடுக்கும். பாடகனின் குரல் மெல்லப் பெண் குரலானது. குழந்தைக் குரலானது. கீச்சென்று ஒரு எலிக் குரலாகி...

நின்றது.

அவ்வளவுதான். இதற்கு மேல் எதுவும் பதிவாகியிருக்க வழியில்லை. நிறுத்தக் கையைக் கொண்டுபோனான்.

சரக்... சரக்...

காலடி.

இரைச்சலுக்கு நடுவே தெளிவாகக் கேட்டது. ஒரு கனத்த கதவு திறந்தது. கச்சேரி மந்தமாகி, சுவருக்குப் பின்னால் போனது. தெரு. வண்டிகள். ஒரு கடைக்காரரின் குரல், "எத்தனை வேணும்?" சில்லறை விழுந்தது. ஒரு பொட்டலம் கிழிந்தது. மறுபடி காலடி. தூரத்தில் ஒரு ஹாரன்... நெருங்கி வந்தது... இவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

எதுவும் மோதவில்லை. ஹாரன் கடந்துபோய்விட்டது. காலடி நிற்காமல் நடந்தது.

நடந்தது... நடந்துகொண்டே இருந்தது... வண்டிச் சத்தம் குறைந்தது, ஓய்ந்தது. கடைசியில் காலடியின் சத்தம் மாறியது. நறுக், நறுக். சரளைக் கல்.

அந்த அரங்கத்தைச் சுற்றிச் சரளையே கிடையாது.

நறுக். நறுக். நின்றது. இப்போது இயர்போனில் வேறு ஒரு சத்தம். டிக்... டிக்... சூடான எஞ்சின் ஆறும்போது கேட்குமே, அது. இவனுடைய வேன். யாரோ வெளியே நின்று அதைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

பின்கதவு திறக்கும் சத்தம் காதில் கேட்டது. கண்ணாடியில் பார்த்தான். கதவு மூடியே இருந்தது. பின்னிருக்கையின் ஸ்பிரிங் முனகியது, அதுவும் காதில்தான். பிறகு இரண்டு மூச்சுகள் கேட்டன. வாயால் இரைத்த ஒன்று இவனுடையது. மூக்கால் சீராக வந்தது மற்றது. வேன் முழுக்க, கிரீஸ் நாற்றத்தையும் மீறி, யூகலிப்டஸ் வாசம்.

"அண்ணே..." என்றான். சொன்ன அதே நொடியில் தன் குரலை நாடா இரைச்சலோடு காதில் கேட்டான்.

திரும்பத் தைரியமில்லை. இருந்தாலும் கேட்டான். "நான் பொய்யா தட்டுனது... உனக்குத் தெரியுமா?"

இடது தோளில் ஒரு தட்டு.

ஒன்றுதான். ஆமா.

"கோவமா..." என்று தொடங்கினான். நாடா தீர்ந்து, பொத்தான் டக்கென்று எகிறியது. இயர்போன் செத்தது. வாசம் போய்விட்டது. பதில் வரவில்லை.

ஐந்து மணிக்கு டீசலோடு வந்த பையன் பார்த்தபோது, வேனின் நாலு கதவும் திறந்து கிடந்தன. இவன் சாலை நடுக்கோட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஏழு மணிக்கு அண்ணி வீட்டு வாசலில் நின்றான். கதவைத் திறந்தவள் முகம் தெளிந்திருந்தது. வெகு நாள் கழித்துத் தூங்கி எழுந்தவள் போல.

நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினான். டார்ச் பேட்டரி, ஒரு தட்டு, லாரி, நேற்றைய ராத்திரி. அண்ணி அழவில்லை.

"நான்தான் அண்ணி கொன்னுட்டேன். பழசைக் கிளறாதன்னு மட்டும் இன்னிக்குச் சொல்லிராதீங்க. அண்ணனுக்கு என் மேல கோவமா? ஆமாவா, இல்லையா?"

அண்ணி "இல்ல" என்றாள்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"ஆறுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேட்டுட்டுத்தான் சொல்றேன் தம்பி." அவள் வலது கை தானாக இடது தோளுக்குப் போய், நைந்த துணியைத் தடவியது. "உன் மேல கோவமான்னு பதினோரு வருஷமா, ராத்திரி தவறாம அவரைக் கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு தட்டுதான்."

கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே வீடு சத்தமில்லாமல் இருந்தது.

"நேத்து ஒரு ராத்திரிதான் அவரு இங்க வரல," என்றாள் அண்ணி.