வில்பர் பார்க்கும் எண்

எடெல்மிரா: உள்ள விடு நெலிடா. சுகாதார நிலையத்துலேருந்து மேடேறி வந்திருக்கேன், மூச்சு வாங்குது.

நெலிடா: அம்மா தூங்குறாங்க அக்கா. நாளைக்கு வாங்களேன்.

எடெல்மிரா: தூங்கட்டும். நான் பாட்டுக்குக் கையைப் பிடிச்சுப் பார்த்துட்டுப் போயிடறேன்.

நெலிடா: யார் உங்களுக்குச் சொல்லி அனுப்புனா?

எடெல்மிரா: யாரும் இல்ல. மேல ஊர்ல ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி. அப்படியே...

நெலிடா: மேல ஊர்லயா? அங்க ஏது குழந்தை? ரெண்டு கிழவனும், கம்பளிக்கு வளர்க்கற நாப்பது அல்பாக்காவும்தான் இருக்கு.

எடெல்மிரா: நர்சையே குறுக்கு விசாரணை பண்றியா? தள்ளுடி. இதோ, விரல்ல மாட்டி ஆக்சிஜன் பார்க்கற கருவிகூட எடுத்துட்டு வந்திருக்கேன்.

நெலிடா: தடுப்பூசி போடறதுக்கு அது எதுக்கு?

எடெல்மிரா: ...பையில கிடந்துச்சு.

நெலிடா: அதெல்லாம் வேணாம் அக்கா. போனைப் பாருங்க. ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சு, நாடி நூத்தி நாலு. வில்பர் அண்ணன் சுரங்க வேலைக்குப் போன இடத்துலேருந்து வாங்கி அனுப்புன வாட்ச். அம்மா கையில கட்டிட்டா எல்லாம் இதுல வந்துடும். அங்க அவன் போன்லயும் தெரியும்.

எடெல்மிரா: தொண்ணூத்தஞ்சு...

நெலிடா: நல்ல நம்பர்தானே?

எடெல்மிரா: ரொம்ப நல்ல நம்பர். கடலோரம் குடியிருக்கறவங்களுக்கு. இந்த மலை உயரத்துல, கல்லு மாதிரி இருக்கற எனக்கே தொண்ணூறைத் தாண்டாது. நெஞ்சு முழுக்கச் சளி கட்டுன பொம்பளைக்கு எங்கேருந்துடி வரும் தொண்ணூத்தஞ்சு?

நெலிடா: அப்ப வாட்ச் பொய் சொல்லுதா?

எடெல்மிரா: ஓடுறவங்களும் சைக்கிள் மிதிக்கறவங்களும் ஆசைக்குக் கட்டிக்கறது அது. நோயாளிக்குன்னு செஞ்சதில்ல. கை குளிர்ல வெறைச்சிருந்தா, தோல் கறுத்திருந்தா, வாய்க்கு வந்ததைக் காட்டும்.

நெலிடா: இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

எடெல்மிரா: தள்ளு, நான் உள்ள போய்ப் பார்க்கறேன்.

நெலிடா: அக்கா, உள்ள போகாதீங்க... சொன்னாக் கேளுங்க!

எடெல்மிரா: சதுர்னினாம்மா... நான்தான், எடெல்மிரா... ஏன் நெலிடா, இத்தனை கம்பளி போர்த்தியிருக்க?

நெலிடா: குளிருதுன்னாங்க.

எடெல்மிரா: எப்போ சொன்னாங்க?

நெலிடா: ...விடியறப்போ.

எடெல்மிரா: இந்தக் கையில வாட்ச் இல்லையே.

நெலிடா: அந்தக் கையில இருக்கும். கஷாயம் கொதிக்குது, இறக்கிட்டு வந்துடறேன்...

எடெல்மிரா: நில்லு. அந்தக் கையிலயும் இல்ல. கை ரெண்டும் வெறைச்சுப் போயிருக்கு... போன்ல நூத்திப் பன்னெண்டு ஓடுது. யாரோட நாடிடி அது? சால்வையை எடு.

நெலிடா: தொடாதீங்க!

எடெல்மிரா: உன் கையிலயா கட்டியிருக்க... கடவுளே. எப்பலேருந்து?

நெலிடா: அவங்க போனவுடனே. ஆனா அதுக்கு முன்னாடி... மூச்சு நின்னப்புறமும் அம்மா கையில அது நாடி எண்பதுன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு அக்கா. நானும் நம்பினேன். உசிரு இருக்குன்னு உலுக்கினேன். நெஞ்சுல காதை வச்சுக் கேட்டேன்... ஒண்ணுமே இல்ல. எண்பது மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு.

எடெல்மிரா: உக்காரு. இப்படி உக்காரு... ஏன்டி மறைச்ச? ஊருக்குச் சொல்ல வேணாமா? வில்பருக்குச் சொல்ல வேணாமா?

நெலிடா: அவனுக்காகத்தான் மறைச்சேன். மோட்டார் சைக்கிள்ல வந்துகிட்டிருக்கான். கணவாய் மேல பனி கொட்டுதாம். சிக்னல் கிடைக்கற இடமெல்லாம் வண்டியை நிறுத்தி இந்த நம்பரைத்தான் பார்க்கறான்.

எடெல்மிரா: அதுக்காக...

நெலிடா: போன வருஷம் எங்க பெரியப்பா மகன், அவங்கப்பா போன சேதியை வழியில கேட்டுட்டு அழுதுகிட்டே ஓட்டி... அதே கணவாய்ல... ஒரே வீட்டுல ரெண்டு சவப்பெட்டி. நீங்களும்தானே வந்திருந்தீங்க?

எடெல்மிரா: வந்திருந்தேன்.

நெலிடா: நம்பர் நின்னா இவனுக்குத் தெரிஞ்சுடும். வரட்டும். வாசல்ல வண்டியை நிறுத்தட்டும். அப்புறம் சொல்றேன். சொல்லிட்டு, சட்டையைப் பிடிச்சு உலுக்கப் போறேன்.

எடெல்மிரா: அவனை எதுக்கு?

நெலிடா: பின்ன? அம்மா உதடு நீலமாயிடுச்சு, உங்ககிட்டத் தூக்கிட்டு வரேன்னு கெஞ்சுனேன். குதிரைக்குக்கூடச் சொல்லி வச்சுட்டேன். 'நம்பர் நல்லா இருக்கு, குளிர்ல இழுத்துட்டு அலையாதே, வீட்லயே வச்சுக்கோ'ன்னு தீர்ப்பு சொன்னது அவன்தானே? என்னமோ பெரிய டாக்டர் மாதிரி!

எடெல்மிரா: நெலிடா, அது...

நெலிடா: இருங்க, அவன்தான் கூப்பிடறான்! நான் பேச மாட்டேன். என் குரல் காட்டிக் குடுத்துடும். நீங்க பேசுங்க.

எடெல்மிரா: நானா? நான் என்னத்தை...

நெலிடா: ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்.

வில்பர்: நெலிடா! நாடி ஏன் நூத்தி இருபதைத் தாண்டுது? காய்ச்சலா?

எடெல்மிரா: வில்பர்... நான் நர்ஸ் பேசறேன். எடெல்மிரா.

வில்பர்: நர்சம்மா! வந்துட்டீங்களா... அப்பாடா. அம்மா எப்படி இருக்காங்க?

எடெல்மிரா: தூங்குறாங்க.

வில்பர்: வலி ஏதும்...

எடெல்மிரா: இல்லப்பா. இப்ப வலி இல்ல.

வில்பர்: கணவாய் உச்சிக்கு வந்துட்டேன். முன்னால ஒண்ணும் தெரியல, ஆனா எப்படியாவது விரட்டி...

எடெல்மிரா: விரட்டாதே! கேக்குதா? இறக்கத்துல உருட்டிக்கிட்டே வா. அம்மா இங்கேயேதான் இருக்காங்க.

வில்பர்: சரி. சரிங்க. அன்னைக்கு நீங்க சொன்ன தைரியத்துலதான் நர்சம்மா நான்...

எடெல்மிரா: போனை வை வில்பர். ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கட்டும். வச்சிடு.

நெலிடா: ...என்னைக்கு?

எடெல்மிரா: வாட்சைக் கழட்டு. உன் நாடி தறிகெட்டு ஓடுது. அதைப் பார்த்துப் பார்த்து அவன் வண்டியை இன்னும் முறுக்குவான். என் கையில கட்டு.

நெலிடா: என்ன தைரியம் சொன்னீங்க அவனுக்கு?

எடெல்மிரா: கட்டுடி முதல்ல. இறுக்கிக் கட்டு.

நெலிடா: கட்டிட்டேன்... அக்கா, உங்களுக்கு நூத்தி முப்பதுக்கு மேல போகுதே. மேடேறுன களைப்பா?

எடெல்மிரா: அந்தக் களைப்பு எப்பவோ போயிடுச்சு நெலிடா. 'தொண்ணூத்தஞ்சு காட்டுது, கூட்டிட்டு வரச் சொல்லவா'ன்னு அவன் என்னைத்தான் கேட்டான். வந்து பார்க்காமலேயே வேணாம்னு சொன்னது நான்.