தள்ளுபடிக்கு உரியவர்கள்

வாடகைக் கார் எடுக்கும்போது, வண்டியைக் கிளப்புவதற்கு முன் பெட்ரோல் முள்ளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம் வராது. தம்பிக்கு இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவன் ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

நீங்கள் அனுப்பிய விசாரணைக் கடிதத்தில் ஒரே கேள்விதான் இருக்கிறது. நம் நிறுவன ஊழியர்களுக்கான கார் வாடகைத் தள்ளுபடிக் குறியீட்டை, அதாவது 'கோட்'டை, வெளியாள் ஒருவருக்கு நான் கொடுத்தேனா? கட்டத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடுவீர்கள். பதினெட்டு வருஷமாக ஒப்பந்தப் பிரிவில் இருப்பவனுக்கு அது தெரியாதா? ஆனால் ஒரு தாளில் தவறான தகவல் இருந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. ஆகவே தனித்தாளில் எழுதுகிறேன்.

கொடுத்தேன். மூன்று வருஷத்துக்கு முன்பு தம்பிதான் கேட்டான். அவனுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. சொந்த வண்டி கிடையாது. வெளியூர் வேலை வந்தால் சாமான்களோடு போக ஒரு கார் வேண்டும். "உங்க கம்பெனி கோட் சும்மாதானே கிடக்கு அண்ணே, அதுக்கும் கொஞ்சம் ஊர் சுத்திக் காட்டுவோம்" என்றான். அடையாள அட்டையின் பின்பக்கம் இருந்ததை எழுதிக் கொடுத்தேன்.

கார் எடுக்கப் போகிற நாளில் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் சிமெண்டைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பான். என் பழைய சட்டை ஒன்றை இதற்கென்றே வாங்கி வைத்திருந்தான். திரும்பி வந்ததும், கவுன்டரில் நடந்ததை அம்மாவுக்கு நடித்துக் காட்டுவான். "எந்த டிபார்ட்மெண்ட் சார்னு கேட்டான்மா. தரைத்தளம்னேன். பொய்யா? தரைதானே போடுறேன்." அம்மா இருமல் வரும்வரை சிரிப்பாள். "இது பொழைக்கத் தெரிஞ்ச புள்ள. பெரியவன் இருக்கானே, பசிச்சாக்கூட மணி பார்த்துட்டுத்தான் சாப்பிடுவான்" என்பாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். நானும் சிரிப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வாடகை நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தைத் தட்டச்சுக்குக் கொடுத்தவனே நான்தான். ஊழியரின் பெற்றோரும் மனைவியும் உடன்பிறந்தவர்களும் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தலாம், ஊழியர் தொலைபேசியில் ஒரு வார்த்தை உறுதி சொன்னால் போதும் என்று அதில் இருக்கிறது. ஆக, தம்பி வெளியாள் அல்ல. முதல் நாளிலிருந்தே அவனுக்கு உரிமை இருந்தது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. கவுன்டர் முன்னால் நிற்கும்போது முதுகெல்லாம் வேர்த்துவிடும் என்று அவன் ஒருநாள் சொன்னான். மூன்று வருஷமும் அப்படி வேர்த்துக்கொண்டே போய்வந்தான். எனக்கு அதில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது.

அம்மாவுக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. தம்பி வீட்டில்தான் இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வால்வு பார்க்கிற மருத்துவர் மாதத்தில் ஒரே நாள்தான் வருவார். காரில் நான்கு மணி நேரப் பயணம். பஸ்ஸில் கூட்டிப் போகவே கூடாது, படி ஏறினால் தாங்காது என்று இங்குள்ள டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி போன் செய்து என் காரைக் கேட்டான். சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்றேன். அது தவறான தகவல். கார் வாசலில்தான் நின்றது. முந்தின நாள்தான் கழுவியிருந்தேன்.

"கோட்லயே எடுத்துக்க" என்றேன்.

"அம்மாவையும் வெச்சுக்கிட்டு எப்படிண்ணே? மாட்டிக்கிட்டா அசிங்கம்."

"மூணு வருஷமா மாட்டாதவன் இப்பவா மாட்டப் போறே?"

போனை வைத்தபின் வாடகை நிறுவனத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். எங்கள் குறியீட்டைச் சிலர் தவறாகப் பயன்படுத்துவதாகத் தெரிகிறது, அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும். யார் பெயரையும் குறிப்பிடவில்லை. அம்மா பார்க்க அவன் ஒரே ஒரு தடவை மாட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு நானே காரை எடுத்துக்கொண்டு போய் நிற்பதாகவும் ஒரு யோசனை இருந்தது. காலையில் குளித்து, சட்டை மாற்றி, சாவியை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எட்டு மணிக்கு போன் வந்தது. கவுன்டர் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். "சார், இவர் உங்க கம்பெனி ஊழியரா?"

"இல்லை."

"உங்க தம்பின்னு சொல்றார். குடும்பம்னா நீங்க ஆமான்னு சொன்னா போதும், சாவி குடுத்துடுவேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன் சார்."

அந்த நேரத்தில் அம்மா பேசினாள். மூச்சு இழுப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "பெரியவனே, ஆமான்னு சொல்லிடுப்பா. பாவம், புள்ளைக்குக் கையெல்லாம் நடுங்குது."

அவளுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அவள் பேசியது அவன் கையைப் பற்றி.

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. உங்க விதிப்படி செய்யுங்க" என்றேன்.

ஆள்மாறாட்டம் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கழித்து அவர்களை விட்டிருக்கிறார்கள். அன்று விடுமுறை நாள், அவ்வளவு தூரத்துக்கு டாக்சி எதுவும் வர மறுத்துவிட்டது. தம்பி திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. தெரியாது என்று சொன்னபின் எடுத்தால் முன்னுக்குப் பின் முரணாகிவிடும். கடைசியில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான். வழியில் ஒரு தடவை பஸ் மாற வேண்டும். அந்த இரண்டாவது பஸ்ஸின் மூன்றாம் படியில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

தகவல் வந்ததும் சாயங்காலம் நான்தான் போய் என் காரில் அவளைக் கொண்டுவந்தேன். பின் சீட்டில் தம்பி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். சர்வீஸுக்கு விட்ட கார் எப்போது வந்தது என்று அவன் கேட்கவில்லை. பாதி வழியில் "ஏண்ணே?" என்று மட்டும் கேட்டான். எதிரே லாரி வந்துகொண்டிருந்தது, நான் விளக்கைத் தாழ்த்தினேன்.

அடுத்த வாரம் அவனே வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னான். "அம்மா நம்பவே இல்லைண்ணே. அது பெரியவன் குரலே இல்லடா, நீ எந்தத் திருட்டுப் பயல் நம்பரையோ குடுத்திருக்கேன்னு சொல்லுச்சு. பெரியவனுக்குப் பொய்யே வராதுன்னுச்சு. பஸ்ல ஏறினதுலேருந்து என்னைத்தான் திட்டிக்கிட்டே வந்துச்சு. ஊரை ஏமாத்துறவன்னு. உன் வயித்துப் பொழப்புக்கு என்னைக் கூட்டிட்டு வந்து அவமானப்படுத்திட்டியேன்னு. குடும்பத்துக்கும் உரிமை இருக்குன்னு கவுன்டர்ல அந்தப் பொண்ணு சொன்னதையும் சொல்லிப் பார்த்தேன். கேட்கல. அப்படித் திட்டிக்கிட்டே போயிடுச்சுண்ணே."

அவன் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் யோசித்தேன். தம்பிக்கு அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில்: குறியீட்டை நான் கொடுத்தேன், உரியவனுக்கே கொடுத்தேன், அவனுக்கு உரிமை இல்லை என்று நானே ஆக்கினேன், அதனால் என் அம்மா இறந்தாள். இதை எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எனக்கு வருத்தம் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். நாற்பத்தாறு வருஷத்தில் அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் அம்மா முழுக்க என் பக்கம் இருந்தாள்.